கடற்காற்றின் கணினி மாதிரியாக்கம்

கடற்காற்றின் கணினி மாதிரியாக்கம் என்பது, கரையோரங்களில் பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கியும் இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கியும் வீசும் காற்றுகளை, வளிமண்டலத்தை ஆளும் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் எண்முறையில் தீர்ப்பதன் மூலம் ஆராய்வதும் முன்னறிவதும் ஆகும். சில கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பரவியுள்ள நிகழ்வுகளை ஆராயும் இடைநிலை அளவு வானிலையியலின் ஒரு பகுதியாக இது கொள்ளப்படுகிறது. ஏரிக்காற்று, மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று போன்ற பிற உள்ளூர்க் காற்றுகளை ஆராயவும் பெரும்பாலும் இதே முறைகளே பயன்படுகின்றன.

கடற்காற்று பள்ளிப் பாடநூல்களில் ஒரே படத்தில் விளக்கப்படும் எளிய நிகழ்வு. ஆனால் குறிப்பிட்ட ஓர் ஊரில், குறிப்பிட்ட ஒரு நாளில் அது எத்தனை மணிக்குத் தொடங்கும், எவ்வளவு தொலைவு உள்ளே செல்லும், இடிமழையைத் தோற்றுவிக்குமா என்னும் கேள்விகளுக்கு அப்படம் விடை தராது. இக்கேள்விகளுக்கு விடை காணும் முயற்சியே இத்துறை வளரக் காரணமாக இருந்தது.

கடற்காற்று உருவாகும் முறை

கதிரவனின் வெப்பத்தால் நிலம் விரைவாகவும் கடல் மெதுவாகவும் சூடாகின்றன. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 °செ உயர்த்த ஏறத்தாழ 4.2 யூல் வெப்பம் தேவை. உலர்ந்த மணலுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். பாடநூல்கள் இந்தத் தன்வெப்ப வேறுபாட்டையே காரணமாகக் கூறுவது வழக்கம். இது சரியே எனினும் முழுமையானதன்று. சூரிய ஒளி கடலினுள் பல மீட்டர் ஆழம் ஊடுருவுகிறது; அலைகளும் நீரோட்டங்களும் அவ்வெப்பத்தை மேலும் ஆழத்துக்குக் கலக்கின்றன. நிலத்திலோ பகல் வெப்பம் மேற்பரப்பின் சில பத்து சென்ரிமீட்டர்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கடலின் பகல், இரவு வெப்பநிலை வேறுபாடு மிகச் சிறியதாக இருப்பதற்கு இக்கலப்பே முதன்மையான காரணமாகும்.

நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி விரிவதால், சில நூறு மீட்டர் உயரத்தில் நிலத்தின் மேல் அழுத்தம் கடலின் மேலுள்ளதைவிடச் சற்று கூடுகிறது. அதனால் மேல்மட்டத்தில் காற்று கடலை நோக்கி நகர்கிறது. இவ்வாறு காற்று வெளியேறுவதால் நிலப்பரப்பில் அழுத்தம் குறைந்து, கீழ்மட்டத்தில் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இந்த அழுத்த வேறுபாடு பொதுவாக 1 மில்லிபார் அளவினதே. கடலிலிருந்து வரும் காற்றோட்டத்தின் தடிப்பு சில நூறு மீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை இருக்கும். அதற்கு மேலே எதிர்த்திசையில் வலுக்குறைந்த திரும்பு காற்று காணப்படும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் இச்சுற்றோட்டம் தலைகீழாகி நிலக்காற்று வீசுகிறது. நிலக்காற்று பெரும்பாலும் கடற்காற்றை விட வலுக்குறைந்தது.

உள்ளே வரும் குளிர்ந்த கடற்காற்றுக்கும் நிலத்தின் சூடான காற்றுக்கும் இடையே உள்ள எல்லை, கடற்காற்று முகப்பு எனப்படுகிறது. சில நாட்களில் இம்முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அகலமே உடையது. அது கடந்து செல்லும்போது சில நிமிடங்களில் காற்றுத்திசை மாறி, வெப்பநிலை குறைந்து, ஈரப்பதம் கூடும். சறுக்கு வானூர்தி ஓட்டுநராகவும் விளங்கிய இங்கிலாந்து ஆய்வாளர் ஜோன் சிம்ப்சன், நீர்த்தொட்டிகளில் உப்புநீரை நன்னீரின் அடியில் பாயவிட்டு, இம்முகப்பு ஓர் அடர்த்தி ஓட்டத்தைப் போல நடந்துகொள்வதைக் காட்டினார். கடற்காற்றையும் உள்ளூர்க் காற்றுகளையும் பற்றிய அவரது நூல் 1994 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது.

புவிச் சுழற்சியும் இக்காற்றைப் பாதிக்கிறது. நேரம் செல்லச் செல்லக் கொரியோலிசு விசையினால் கடற்காற்று வட அரைக்கோளத்தில் வலப்புறமாகத் திரும்புகிறது. இவ்விசையால் மட்டும் இயங்கும் காற்று ஒரு வட்டத்தைச் சுற்றி முடிக்க எடுக்கும் காலம், 30 பாகை அகலாங்கில் சரியாக ஒரு நாளுக்கு இணையாகிறது. எனவே அந்த அகலாங்கு இக்கோட்பாட்டில் ஒரு தனி எல்லையாக அமைகிறது. அதற்கு வடக்கே கடற்காற்றுச் சுற்றோட்டம் கரையை ஒட்டிய ஒரு பகுதிக்குள் அடங்குவதையும், நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் அது அலைகளாக வெகுதொலைவு பரவக்கூடியதையும் ரிச்சர்ட் ரொட்டுன்னோ 1983 ஆம் ஆண்டில் கணித முறையில் காட்டினார்.

கணினிக்கு முற்பட்ட முயற்சிகள்

காற்றுகளை அவற்றை இயக்கும் விசைகளின் அடிப்படையில் வகைப்படுத்திய அரோல்ட் செஃப்ரீசு 1922 ஆம் ஆண்டிலேயே கடற்காற்றைப் பற்றியும் எழுதினார். 1947 ஆம் ஆண்டில் பெர்னாட் ஓர்விட்சு, உராய்வையும் புவிச் சுழற்சியையும் சேர்த்து, ஒரு நாளில் கடற்காற்றின் திசை சுழலும் விதத்தை விளக்கினார். இவை கையால் தீர்க்கக்கூடிய நேர்கோட்டுச் சமன்பாடுகள். ஆனால் கடற்காற்று தன்னை உருவாக்கிய வெப்பநிலை வேறுபாட்டைத் தானே நிலத்துக்குள் சுமந்து செல்கிறது. காற்று வெப்பநிலையை மாற்ற, மாறிய வெப்பநிலை மீண்டும் காற்றை மாற்றுகிறது. கூர்மையான முகப்பு உருவாவதற்கு இத்தொடர்பே காரணம். நேர்கோட்டுக் கோட்பாடுகள் தவறவிடுவதும் இதனையே.

எளிய கணக்குகளுக்கும் அவற்றுக்குரிய பயன் உண்டு. பிக்சு, கிரேவ்சு ஆகியோர் 1962 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் ஈரி ஏரிக்கென ஒரு சுட்டெண்ணை முன்வைத்தனர். பொதுக் காற்றின் வேகத்தின் (மீ/நொடி) இருமடியை, நிலத்தின் மேலுள்ள காற்றுக்கும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் காற்றின் தன்வெப்பத்தையும் பெருக்கிவரும் எண்ணால் வகுத்தால் இச்சுட்டெண் கிடைக்கும். யூல், கிராம், பாகை அலகுகளில் காற்றின் தன்வெப்பம் ஏறத்தாழ 1 என்பதால் கணக்கு மிக எளிது. வெப்பநிலை வேறுபாடு 6 °செ, காற்று 3 மீ/நொடி எனில் சுட்டெண் 9/6 = 1.5. காற்று 6 மீ/நொடி ஆனால் அது 36/6 = 6. சுட்டெண் ஏறத்தாழ 3-க்குக் கீழே இருந்தால் ஏரிக்காற்று உருவாகும், மேலே இருந்தால் உருவாகாது என்பது அவர்கள் கண்ட விதி. காற்றின் வேகம் இருமடங்கானால் நான்கு மடங்கு வெப்பநிலை வேறுபாடு தேவை என்பதை இவ்விதி தெளிவாகக் காட்டுகிறது. எனினும் வேறு கரைகளில் இவ்வெல்லை எண் மாறும்; காற்று எந்நேரம் தொடங்கும் என்பதையும் அது சொல்லாது.

கணினி மாதிரிகளின் வரலாறு

கடற்காற்றுக்கான தொடக்ககால எண்முறைக் கணக்கீடுகளில் ஒன்றை இங்கிலாந்தைச் சேர்ந்த பியர்சு 1955 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1961 ஆம் ஆண்டில் ஃபிசரும், எம். ஏ. எசுத்தோக்கும் தனித்தனியே தம் மாதிரிகளை வெளியிட்டனர். இவை கரைக்குச் செங்குத்தான ஒரு வெட்டுமுகத்தில் மட்டும் கணக்கிடும் இருபரிமாண மாதிரிகள். கரை முடிவில்லாத நேர்கோடு என்பது இவற்றின் எடுகோள். எசுத்தோக் 1962 ஆம் ஆண்டில் அதே மாதிரியில் பொதுக் காற்றின் திசையை மாற்றி மாற்றிக் கணக்கிட்டார். கடற்காற்றின் தன்மை அன்றைய பொதுக் காற்றைப் பெரிதும் பொறுத்தது என்பதை அக்கணக்கீடுகள் காட்டின.

உண்மையான கரைகள் நேர்கோடுகள் அல்ல. மெக்பர்சன் 1970 ஆம் ஆண்டில், டெக்சாசு மாநிலத்தின் கால்வெசுட்டன் குடாவைப் போன்ற ஒரு குடாவை நேர்க்கரையில் சேர்த்து, முப்பரிமாணத்தில் கணக்கிட்டார். அக்குடா கடற்காற்று முகப்பை வளைத்ததோடு, காற்று ஒன்றுகூடி மேலெழும் இடங்களையும் மாற்றியது. 1974 ஆம் ஆண்டில் ரோஜர் பீல்கி தென் புளோரிடாவுக்கான முப்பரிமாண மாதிரியை வெளியிட்டார். இத்துறையின் திருப்புமுனை என இதனைக் கூறலாம். பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் டாப், வைட் ஆகியோர் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரியும் புளோரிடாவின் கடற்காற்றையே சோதனைக்கு எடுத்துக்கொண்டது. செங்குத்துத் திசையில் அழுத்தமும் புவியீர்ப்பும் எப்போதும் சமநிலையில் உள்ளன என்னும் எடுகோளை அது கைவிட்டது.

பின்னர் ஒரே நிகழ்வுக்கென எழுதப்பட்ட மாதிரிகளின் இடத்தைப் பொதுப்பயன் மாதிரிகள் பிடித்தன. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'ராம்சு', பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையமும் உருவாக்கிய 'எம்.எம்.5', அதன் வழிவந்த 'டபிள்யூ.ஆர்.எஃப்' ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது கட்டணமின்றிக் கிடைப்பதால் பல்கலைக்கழக மாணவர்களும் தம் ஊர்க் கரைக்கு அதனை இயக்கிப் பார்க்க முடிகிறது.

மாதிரியின் அமைப்பு

எல்லா மாதிரிகளுக்கும் அடிப்படை ஒன்றே: நியூட்டனின் இயக்க விதி, பொருண்மை அழியாமை, ஆற்றல் அழியாமை, நீராவியின் அழியாமை, வளிமங்களின் நிலைச் சமன்பாடு. வளிமண்டலம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவை ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகின்றன. சிறு நேரப் படிகளில் இவ்வெண்கள் புதுப்பிக்கப்படுகின்றன.

நேரப் படியை விரும்பியபடி நீட்ட இயலாது. மாதிரியில் மிக விரைவாகச் செல்லும் அலை ஒரு படியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. கூராண்ட், பிரீட்ரிக்சு, லூயி ஆகிய மூவரும் 1928 ஆம் ஆண்டில் கண்ட நிபந்தனை இது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கட்டத்தின் அகலம் 1 கி.மீ. எனில் நேரப் படி ஏறத்தாழ 3 நொடிக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 28,800 படிகள். கடற்காற்றுக்கும் ஒலிக்கும் தொடர்பில்லை. இருந்தும் ஒலியலைக்காகவே கணினி இவ்வளவு உழைக்க நேர்கிறது. முற்கால மாதிரிகள் செங்குத்துச் சமநிலை எடுகோளின் மூலம் செங்குத்தாகச் செல்லும் ஒலியலைகளை நீக்கின. இக்கால மாதிரிகள் ஒலி தொடர்பான உறுப்புகளை மட்டும் சிறு படிகளிலும் ஏனையவற்றை நீண்ட படிகளிலும் கணக்கிடுகின்றன. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகி, நேரப் படிகளும் இருமடங்காகும். அதாவது எட்டு மடங்கு வேலை.

மலைகளும் மேடுகளும் உள்ள இடங்களில் கிடைமட்ட அடுக்குகள் நிலத்தை வெட்டிச் செல்லும். எனவே நிலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தழுவிச்செல்லும் வளைந்த அடுக்குகள் பயன்படுத்தப்படுகின்றன. கடற்காற்றும் மலைச்சரிவுக் காற்றும் ஒன்றுசேரும் கரைகளில் இது இன்றியமையாதது.

கட்டத்தைவிடச் சிறிய நிகழ்வுகளை நேரடியாகக் கணக்கிட இயலாது. நிலப்பரப்பிலிருந்து எழும் கொந்தளிப்புச் சுழல்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவற்றின் மொத்த விளைவு, கட்டத்தின் சராசரி மதிப்புகளைக் கொண்டு தோராயமாகக் கணிக்கப்படுகிறது. இது அளபுருவாக்கம் எனப்படுகிறது. கடற்காற்றுக்கு இதன் பங்கு மிகப் பெரிது. ஏனெனில் நிலத்திலிருந்து வெப்பம் எவ்வளவு உயரத்துக்குக் கலக்கிறது என்பதே அழுத்த வேறுபாட்டை முடிவு செய்கிறது. வெவ்வேறு அளபுருவாக்க முறைகளுடன் ஒரே மாதிரியை இயக்கினால், கடற்காற்றின் தடிப்பும் முகப்பின் இடமும் மாறுவது பலமுறை காணப்பட்டுள்ளது.

மாதிரிக்கு வேண்டிய உள்ளீடுகளுள் மண்ணின் ஈரமும் கடற்பரப்பின் வெப்பநிலையும் முதன்மையானவை. முந்தைய நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்தால், வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கச் செலவாகிறது, காற்று குறைவாகவே சூடாகும், கடற்காற்றும் வலுக்குறையும். உலகளாவிய மாதிரியின் முடிவுகளை எல்லையில் கொடுத்து, ஒன்றினுள் ஒன்றாகச் சிறுத்துச்செல்லும் கட்டங்களைக் கொண்டு கணக்கிடுவது வழமை.

பொதுக் காற்றின் பங்கு

நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் பொதுக் காற்று கடற்காற்றை எதிர்ப்பதால் அதனைக் கெடுத்துவிடும் என எண்ணத் தோன்றும். மாதிரிகள் காட்டுவது வேறு. மிதமான எதிர்க்காற்று வெப்பநிலை வேறுபாட்டைக் கரையோரத்தில் நெருக்கி, முகப்பை மேலும் கூர்மையாக்குகிறது. முகப்பு உள்ளே நகர்வது தாமதமாகும். மேலெழும் காற்றோ வலுப்பெறும். மாறாக, கடலிலிருந்து வீசும் பொதுக் காற்று அவ்வேறுபாட்டை நிலப்பரப்பில் பரப்பி மழுங்கச் செய்கிறது. இதனால் நொடிக்குச் சில மீட்டர் வேகமுடைய கரைநோக்கிய காற்றே தனித்த கடற்காற்றுச் சுற்றோட்டம் உருவாகாமல் தடுக்கப் போதுமானது. ஆரிட் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கீடுகள் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தன.

தென் புளோரிடா

புளோரிடா மூவலந்தீவின் இருபுறமும் கடல் இருப்பதால், இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடங்களில் கோடைக்கால இடிமழை உருவாகிறது. பயர்சு, ரோட்புசு ஆகியோர் 1948 ஆம் ஆண்டிலேயே இதனைச் சுட்டிக்காட்டியிருந்தனர். பீல்கியின் 1974 ஆம் ஆண்டு மாதிரியில் கட்டத்தின் அகலம் 11 கி.மீ. மட்டுமே, மேகங்களோ மழையோ அதில் இல்லை. ஆயினும் அது காட்டிய காற்றுக் குவியும் இடங்கள், அமைதியான கோடை நாட்களில் இடிமழை பெய்யும் இடங்களுடன் பெரிதும் ஒத்திருந்தன. ஒக்கிச்சோபி ஏரியிலிருந்து எழும் ஏரிக்காற்றும் அதில் தென்பட்டது.

இம்மாதிரியின் வழிவந்தவை பின்னர் வேறொரு கேள்விக்கும் பயன்பட்டன. 20 ஆம் நூற்றாண்டில் தென் புளோரிடாவின் சதுப்புநிலங்களின் பெரும்பகுதி வேளாண்மைக்கும் குடியிருப்புக்குமாக வடிக்கப்பட்டது. கர்ட்டிசு மார்சல், பீல்கி முதலியோர், 1900 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நிலப்பரப்பையும் 1993 ஆம் ஆண்டின் நிலப்பரப்பையும் தனித்தனியே மாதிரியில் இட்டு, ஒரே கோடைகாலங்களை இருமுறை கணக்கிட்டனர். 2004 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, மாறிய நிலப்பரப்பில் கடற்காற்றின் போக்கு மாறி, சராசரி மழை ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு குறைந்தது. இதற்கு முன் 2003 ஆம் ஆண்டில் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வு உறைபனி இரவுகளைப் பற்றியது. பனியால் பயிர் கெடுவதைத் தவிர்க்க உழவர்கள் தெற்கே நகர்ந்து, சதுப்புநிலங்களை வடித்துப் பயிரிட்டனர். வெப்பத்தைத் தேக்கிவைத்திருந்த நீர் அகன்றதால் அவ்விடங்களில் இரவுக் குளிர் முன்னிலும் கடுமையாகியிருக்கக் கூடும் என்பதே அவ்வாய்வின் முடிவு. பழைய நிலப்பரப்பை மீட்டுச் சோதிக்க வேறு வழியில்லை ஆதலால், இத்தகைய கேள்விகளுக்கு மாதிரி ஒன்றே துணை.

சென்னையும் கல்பாக்கமும்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் கீழ்மட்டக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. மேலே கூறிய எதிர்க்காற்று நிலைக்கு இது தக்க எடுத்துக்காட்டு. மேற்குக் காற்று வலுவாக உள்ள நாட்களில் சென்னையில் கடற்காற்று பிற்பகல் வரை தாமதமாகிறது; அந்நாட்களில் வெப்பநிலை 40 °செ-ஐத் தாண்டுவதும் உண்டு. தாமதமாக நுழையும் முகப்பு மாலை இடிமழையைத் தூண்டுவதும் உண்டு. 2002 ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ரேடாரில் இம்முகப்பு கரைக்கு இணையான மெல்லிய கோடாகத் தெரிவது பதிவு செய்யப்பட்டுள்ளது.

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள கல்பாக்கத்தில் இவ்வறிவு பாதுகாப்புடன் தொடர்புடையது. அங்கு அணுமின் நிலையமும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் கரையிலேயே அமைந்துள்ளன. விபத்து ஏற்பட்டு கதிரியக்கப் பொருள் காற்றில் கலந்தால், அது எத்திசையில் செல்லும் என்பதை உடனே அறிய வேண்டும். அகன்ற கட்டங்களைக் கொண்ட பொது முன்னறிவிப்பு நாள் முழுதும் மேற்குக் காற்று எனக் காட்டினால், எல்லாம் கடலுக்குச் செல்லும் என்றே முடிவு செய்ய நேரும். உண்மையில் நண்பகலில் கடற்காற்று தொடங்கிவிட்டால் அப்பொருள் ஊர்களை நோக்கி வரும். தொடங்கும் நேரத்தில் ஒரு மணி நேரப் பிழை இருந்தாலும், எந்த ஊரை வெளியேற்றுவது என்னும் முடிவு மாறிவிடும். இக்காரணத்தால் அம்மையத்தின் ஆய்வாளர்கள் 'ராம்சு', 'எம்.எம்.5', 'டபிள்யூ.ஆர்.எஃப்' மாதிரிகளைக் கல்பாக்கக் கரைக்கு இயக்கி, கோபுர அளவீடுகளுடன் ஒப்பிட்டு வந்துள்ளனர். கொந்தளிப்பு அளபுருவாக்கம் கல்பாக்கக் கடற்காற்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பற்றிய சீனிவாசு முதலியோரின் கட்டுரை 2007 ஆம் ஆண்டில் வெளியானது.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. கடலிலிருந்து வரும் காற்றில் கலப்பு மிகக் குறைவு. அது சூடான நிலத்தைத் தொட்டதும், அடியில் ஒரு புதிய கொந்தளிப்புப் படலம் உருவாகி, கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல உயர்கிறது. அதன் உயரம், கரையிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது. உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வரும் புகை, இப்படலத்துக்கு மேலே பரவாமல் ஒரு நாடாபோலச் சென்று, சில கிலோமீட்டர் தள்ளிப் படலம் அதனைத் தொடும் இடத்தில் திடீரெனக் கீழே கலக்கப்படும். இதனால் புகைபோக்கியின் அருகில் இருப்பவரை விடத் தொலைவில் இருப்பவர் கூடுதல் மாசுக்கு உள்ளாகலாம். கரையோர அனல்மின் நிலையங்களுக்கும் இது பொருந்தும்.

குறைபாடுகள்

கட்டத்தின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே சென்றால் மாதிரி மேன்மேலும் சரியாகும் எனக் கொள்ள இயலாது. 1 கி.மீ. அகலக் கட்டத்தில் 1 கி.மீ. அகல முகப்பு தெளிவாகத் தெரியாது. ஒரு நிகழ்வைச் சரிவரக் காட்ட அதன் குறுக்கே பல கட்டங்கள் வேண்டும். கட்டம் சில நூறு மீட்டராகச் சுருங்கும்போது, பெரிய கொந்தளிப்புச் சுழல்கள் பாதி நேரடியாகவும் பாதி அளபுருவாகவும் கணக்கிடப்பட்டு, இரட்டை எண்ணிக்கைக்கு இடம் ஏற்படுகிறது. இவ்விடைப்பட்ட அளவுகளைத் தெரியாத நிலப்பரப்பு என வின்கார்ட் 2004 ஆம் ஆண்டில் குறிப்பிட்டார்.

மாதிரியைச் சோதிப்பதிலும் ஒரு சிக்கல் உள்ளது. கூர்மையான முகப்பைச் சரியான வடிவில் காட்டி, ஒரு மணி நேரம் தாமதமாகக் கொண்டுவரும் மாதிரியை எண்ணிப் பாருங்கள். முகப்பு வந்த நேரத்தில் அதனைக் காட்டாததற்காக ஒருமுறையும், வராத நேரத்தில் காட்டியதற்காக மறுமுறையும் அதற்குப் பிழை எண்ணப்படும். முகப்பே இல்லாமல் மழுங்கலாகக் காட்டும் மாதிரி சராசரிப் பிழைக் கணக்கில் அதனை விஞ்சிவிடலாம். ஆகவே காற்று திரும்பும் நேரம், உள்ளே செல்லும் தொலைவு ஆகியவற்றைத் தனியே ஒப்பிடுவது சிறந்த முறையாகக் கருதப்படுகிறது.

2023 ஆம் ஆண்டில் வெளியான 'கிராஃப்காசுட்டு', 'பங்கு-வெதர்' முதலிய இயந்திரக் கற்றல் முன்னறிவிப்பு முறைகள் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கு மாறாகப் பழைய தரவுகளிலிருந்து கற்கின்றன. அவை கற்ற தரவுகளின் கட்டம் 0.25 பாகை, அதாவது நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 28 கி.மீ. பல கடற்காற்றுகள் உள்ளே செல்லும் மொத்தத் தொலைவே இத்தகைய ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடுவதால், கரையோர விவரங்களுக்கு நுண்கட்ட மாதிரிகளோ அடர்ந்த கரையோர அளவீடுகளோ தேவைப்படுகின்றன.